வீட்டில் பாட்டைப் பதிவு செய்ய எந்த மென்பொருள்?

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். வீடு கட்டுவதற்கும் கல்யாணம் செய்வதற்கும் சொல்லப்படும் இப்பழமொழி, கணிப்பொறியில் பாட்டுப் பதிவு செய்வதற்கும் பொருந்தும் என்பதை இவ்வாண்டு நாங்கள் அறிந்துகொண்டோம். எப்படி அறிந்தோம் என்பதையும், அதனால் நம் தோழியர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் என்ன பயன் என்பதையும் இக்கட்டுரையில் கூற விழைகிறோம்.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள நம் சந்தவாசலில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. தொட்டிலருகே தாலாட்டு, சேற்று வயலில் நடவுப் பாட்டு, பள்ளியில் பாடகர் குழு என்று எங்கு நோக்கினும் பாட்டுத்தான். ஆனால் ஊர்ப் பாட்டுகளில் பல எந்த நூலிலும் ஏறவில்லை. பாடுகிறவர் நெஞ்சிலே இருக்கின்றன, அவரோடு போய்விடுகின்றன. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் ஆயா ஐந்து நடவுப் பாட்டுகள் அறிந்தவர். அவற்றைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று நாங்கள் நால்வர் முனைந்தோம். அங்கேதான், ‘எந்த மென்பொருள்?’ என்ற கேள்வி எழுந்தது.

ஒலிப்பதிவு வீட்டுக்கு வந்த கதை

நம் நாட்டில் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடந்தது. கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகி கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். அந்நாளைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே பிடிக்கும். பின்னர் காந்த நாடாவாகிய டேப் வந்தது. அப்போதும் நல்ல பதிவு வேண்டுமானால் பெரிய ஸ்டூடியோவைத்தான் நாட வேண்டும்.

1989ஆம் ஆண்டு ஏ.ஆர். ரகுமான் அவர்கள் சென்னைக் கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறத்திலேயே ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் இசைக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. அமெரிக்காவில் பில்லி ஐலிஷ் என்ற இளம்பெண்ணும் அவர் அண்ணனும் பெற்றோர் வீட்டின் சிறு படுக்கையறையில் பதிவு செய்த இசைத்தொகுப்பு, 2020 ஜனவரியில் கிராமி விருதை வென்றது. ஆகவே, வீட்டில் செய்த பதிவு தாழ்ந்தது என்று எண்ண வேண்டியதில்லை.

மென்பொருள் என்ன செய்கிறது?

மைக்கின் முன் நாம் பாடும்போது எழும் அதிர்வை, கணிப்பொறி ஒரு வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. இசைக் குறுந்தட்டுக்கு வகுத்த கணக்கு இது. மனிதக் காது கேட்கக்கூடிய உச்ச அதிர்வு வினாடிக்கு ஏறக்குறைய 20,000. அதைத் தவறாமல் பிடிக்க, அதைப்போல் இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். இவ்வாறு ஒற்றை மைக்கில் பதிந்தால் ஒரு நிமிடப் பாட்டுக்கு 5 எம்.பி.க்குச் சற்று மேல் இடம் பிடிக்கும்.

இந்த எண்களைப் பதிந்து, வெட்டி, ஒட்டி, கலந்து தருவதே டிஜிட்டல் ஆடியோ வொர்க்ஸ்டேஷன் என்னும் மென்பொருள். இதன் சிறப்பு ‘டிராக்’ என்பதாகும். நம் பக்கத்து ஆரணியில் பட்டு நெய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாவு நூல்கள் தனித்தனியே ஓடி ஒரே புடவையாகின்றன அன்றோ? அதுபோல ஆர்மோனியம் ஒரு டிராக்கிலும், பாடுபவர் குரல் ஒரு டிராக்கிலும், குழுவின் குரல் வேறொரு டிராக்கிலும் ஓடி ஒரே பாட்டாகின்றன. ஒன்றில் பிழை நேர்ந்தால் அதை மட்டும் மீண்டும் பாடினால் போதும்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

மென்பொருள்கள் பல உண்டு. ‘எது சிறந்தது?’ என்று கேட்பதைவிட, பின்வரும் நான்கு கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வது நன்று.

முதலாவது: எதைப் பதிவு செய்யப் போகிறோம்? பாட்டும் பேச்சும் மட்டுமே என்றால் ஆடாசிட்டி போதும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000ஆம் ஆண்டு வெளிவந்த இது முற்றிலும் இலவசம். மின்விசிறி இரைச்சல் போன்ற சீரான ஓசையைக் குறைக்கும் வசதியும் உண்டு. ஆனால் மிருதங்கம், வயலின் முதலியவற்றைக் கணிப்பொறிக்குள்ளேயே உண்டாக்கிக் கோக்க வேண்டும் என்றால் இது போதாது. தாளக்கட்டு அமைத்து இசை உண்டாக்க, பெல்ஜியம் நாட்டின் எஃப்.எல். ஸ்டூடியோவைப் பலர் நாடுகின்றனர். திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் புரோ டூல்ஸும், ஜெர்மனியில் பிறந்த க்யூபேஸும் புகழ் பெற்றவை.

இரண்டாவது: நம்மிடம் உள்ள கணிப்பொறி எது? ஆப்பிள் கணிப்பொறியோ ஐபோனோ வைத்திருப்பவர்க்குக் கராஜ்பேண்ட் இலவசமாகவே கிடைக்கிறது. மற்றவர்க்கு அது கிடைக்காது. லாஜிக் புரோவும் ஆப்பிளுக்கே உரியது. எங்களிடம் இருந்ததோ, 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தோழியின் அக்காள் பெற்ற பழைய லேப்டாப். அதன் நினைவகம் 4 ஜி.பி. பெரிய மென்பொருள்கள் 8 ஜி.பி.யும் அதற்கு மேலும் கேட்கின்றன. சிறிய கணிப்பொறியில் அவற்றை ஏற்றினால், குரல் விட்டுவிட்டு ஒலிக்கும். பாடுவது ஒரு கணமும் காதில் விழுவது மறுகணமுமாக இருக்கும். அத்தகைய கணிப்பொறிக்கு ஆடாசிட்டியும் ரீப்பரும் ஏற்றவை. இவ்விரண்டும் லினக்ஸிலும் ஓடும். லேப்டாப்பே இல்லாதவர்கள் கைப்பேசியில் பேண்ட்லேப் என்ற இலவசச் செயலியில் பழகலாம். ஆனால் அதில் செய்த வேலை இணையத்தில் சேமிக்கப்படுவது. சிக்னல் கிடைக்காத மலைக் கிராமத்துக்குச் செல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது: பணம் எவ்வளவு? ரீப்பரை 60 நாள் செலவின்றிப் பயன்படுத்திப் பார்க்கலாம். பின்னர் சொந்த உபயோகத்துக்கு 60 டாலர், அதாவது ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் செலுத்த வேண்டும். நால்வர் சேர்ந்து போட்டாலும் எங்களுக்கு அது பெருந்தொகையே. ஆகவே, ‘இலவசத்தில் செய்ய முடியாதது நமக்கு ஏதேனும் உண்டா?’ என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

நான்காவது: இன்று பதிந்ததை நாளையும் திறக்க முடியுமா? எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. சான்றாக, எஃப்.எல். ஸ்டூடியோவின் இலவசச் சோதனைப் பதிப்பில் வேலையைச் சேமிக்கலாம். ஆனால் விலை கொடுத்து வாங்கும்வரை, சேமித்ததை மீண்டும் திறந்து தொடர முடியாது. இத்தகைய நிபந்தனைகளை முன்னரே படித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் படிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. அதனால் நேர்ந்ததைக் கேளுங்கள்.

நாங்கள் இழந்த பாட்டு

காலாண்டு விடுமுறையில், எங்களுக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் விலையுயர்ந்த மென்பொருள் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுவந்து லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தார். காசு கொடுத்து வாங்கியதன்று; திருட்டுப் பிரதி. திரை முழுவதும் பொத்தான்களும் விளக்குகளுமாக அது விரிந்தபோது, கோடம்பாக்கத்திலேயே அமர்ந்திருப்பதாக நாங்கள் மகிழ்ந்தோம்.

“இன்னாத்துக்குடி கண்ணு இந்தப் பழைய பாட்டெல்லாம் உங்களுக்கு?” என்று கேட்டுக்கொண்டே ஆயா திண்ணையில் அமர்ந்து ஐந்து பாட்டுகளையும் பாடினார். ஆயா முதலடி எடுக்க, நாங்கள் பின்பாட்டுப் பாடினோம். ஒரு பிற்பகல் முழுவதும் அப்படிக் கழிந்தது.

இரண்டு வாரத்தில் லேப்டாப் அடிக்கடி நின்றுபோயிற்று. அந்தத் திருட்டுப் பிரதியோடு வைரஸும் வந்திருந்தது. பழுது பார்த்தவர் உள்ளிருந்த அனைத்தையும் அழித்துவிட்டுத்தான் சரி செய்ய முடிந்தது. ‘கவலை இல்லை, பென் டிரைவில் நகல் இருக்கிறது’ என்று நாங்கள் தைரியமாக இருந்தோம். அந்த அண்ணன் வீட்டுக் கணிப்பொறியில் திறந்து பார்த்தபோது, ஐந்து பாட்டின் பெயர்களும் வரிசையாக இருந்தன. ஒலி மட்டும் இல்லை!

காரணத்தை எங்கள் கணிப்பொறி ஆசிரியை சிஸ்டர் விளக்கினார். நாங்கள் நகலெடுத்தது ‘பிராஜெக்ட்’ கோப்பை மட்டுமே. எந்தப் பாட்டு எங்கே தொடங்கும், எங்கே வெட்டப்பட்டது என்ற குறிப்புகளே அதில் இருக்கும். உண்மையான குரல் வேறொரு ஃபோல்டரில், தனி ஒலிக்கோப்புகளாக இருந்தது. சமையல் குறிப்பு நோட்டைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, அரிசி பருப்பை விட்டுவிட்டு வந்தோம் என்பதே அதன் பொருள்.

அரையாண்டு விடுமுறையில் ஆயாவிடம் மீண்டும் சென்றோம். மழைக்காலத்துச் சளியால் அவர் குரல் தளர்ந்திருந்தது. நான்கு பாட்டுகள் பாடினார். ஐந்தாவதில் முதல் இரண்டு அடிகளுக்கு மேல் வரவில்லை. “மறந்து பூட்ச்சி கண்ணு” என்றார். வேறு யாருக்கேனும் தெரியுமா என்று கேட்டோம். உடன் நடவு நட்டவர்கள் இப்போது இல்லை என்றார். அந்தப் பாட்டு எங்கள் கையில் ஒருமுறை இருந்தது, இப்போது இல்லை.

இப்போது நாங்கள் செய்வது

இம்முறை ஆடாசிட்டியைப் பயன்படுத்தினோம். அதன் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொண்டோம். மின்விசிறியை நிறுத்தி, சன்னலில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, மைக்கை ஆயாவின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். பாட்டு தொடங்குமுன் பத்து வினாடி சும்மா இருந்து அறையின் ஓசையைப் பதிந்துகொண்டோம். பின்னர் இரைச்சலைக் குறைக்க அது உதவியது. முதலில் ஆயாவின் குரலையும், பிறகு இயர்போனில் அதைக் கேட்டுக்கொண்டே எங்கள் பின்பாட்டையும் வேறு டிராக்கில் பதிந்தோம்.

பதிவு முடிந்த அன்றே ஒவ்வொரு பாட்டையும் ‘வேவ்’ என்ற கோப்பாக மாற்றினோம். எந்த மென்பொருளும் திறக்கக்கூடிய பொதுவான கோப்பு அது. எம்.பி.3 சிறியது, ஆனால் ஒலியின் ஒரு பகுதியை நீக்கித்தான் அது சிறியதாகிறது. ஆகவே பிறருக்கு அனுப்ப எம்.பி.3, பாதுகாத்து வைக்க வேவ் என்று கொண்டோம். லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, பள்ளிக் கணிப்பொறி அறையில் ஒன்று என மூன்று நகல்கள் வைத்தோம். ஒவ்வொன்றையும் வேறு கணிப்பொறியில் போட்டுக் கேட்ட பின்னரே ‘முடிந்தது’ என்றோம். பாட்டைப் பள்ளியில் வைக்க ஆயாவின் சம்மதத்தையும் கேட்டுப் பெற்றோம்.

முடிவுரை

அன்புத் தோழியரே! புகழ்பெற்ற மென்பொருள் புகழ்பெற்ற பாட்டைத் தந்துவிடாது. நம் தேவைக்கும், நம் கணிப்பொறிக்கும், நம் பணப்பைக்கும் ஏற்றதாக, பதிந்த குரலை நாளையும் திறந்து கேட்க விடுவதாக எது உள்ளதோ, அதுவே நமக்குச் சிறந்த மென்பொருள். திருட்டுப் பிரதியை நாடுவது பிறர் உழைப்பைக் களவு செய்வது மட்டுமன்று. நம் உழைப்பையும் அது களவு கொடுக்க வைக்கும்.

உங்கள் வீட்டிலும் ஓர் ஆயா இருப்பார்; அவரிடமும் ஒரு பாட்டு இருக்கும். வரும் கோடை விடுமுறையில் அவரருகே அமருங்கள். எந்த மென்பொருள் என்று நெடுநாள் ஆராய்ந்துகொண்டிராமல், கையில் உள்ள எளிய ஒன்றில் பதிந்து, அன்றே மூன்று நகல் எடுத்து வையுங்கள். எங்கள் ஐந்தாவது பாட்டுக்கு நேர்ந்தது உங்கள் வீட்டுப் பாட்டுக்கு நேராதிருக்கட்டும்.