அயலூரில் சிக்கனச் சமையல்

உத்தியோகத்தை முன்னிட்டோ தொழிலை முன்னிட்டோ தமிழ்நாட்டை விட்டு வந்து, டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் சூரத்திலும் குடியிருக்கும் நம்மவர்க்கு மாதந்தோறும் ஒரு கணக்கு உண்டு. கைக்கு வரும் ஊதியத்தில் வாடகை போக, பஸ் கட்டணம் போக, சாப்பாட்டுச் செலவு போக, ஊரிலுள்ள பெற்றோருக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அனுப்ப என்ன மிஞ்சுகிறது என்பதே அக்கணக்கு. வாடகையை நிர்ணயிப்பவர் வீட்டுக்காரர். ரயில் கட்டணத்தை நிர்ணயிப்பது அரசாங்கம். இவற்றில் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. நம் கைக்கு அடங்கிய செலவு சாப்பாட்டுச் செலவு ஒன்றே.

அதைக் குறைக்கப் புகுவோர் பெரும்பாலும் முதலில் வயிற்றைத்தான் குறைக்கிறார்கள். காலையில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும், பகலில் சாலையோரத்தில் எண்ணெயில் பொரித்த ஏதாவது ஒன்று, இரவில் மட்டும் வயிறாரச் சோறு என்று காலம் தள்ளுகிறார்கள். இவ்வாறு மிச்சம் பிடித்த பணம் ஆறு மாதத்தில் மருந்துக் கடைக்குப் போய்விடுகிறது. ஆகவே குறைவாக உண்பதைச் சிக்கனம் என்று சொல்லுதல் பொருந்தாது. அதே பணத்தில், அல்லது அதனினும் குறைந்த பணத்தில், நிறைவாக உண்ண வழி உண்டா என்பதே நாம் ஆராய வேண்டுவது.

வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டும் செலவு கட்டுப்படவில்லை என்போர் பலர். காரணத்தைத் தேடினால் அவர்களுடைய அடுக்களையிலேயே அது அகப்படும். புழுங்கலரிசி, நல்லெண்ணெய், தேங்காய், முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழைக்காய் என்று ஊரில் வாங்கிய சாமான்களையே இங்கும் தேடி வாங்குகிறார்கள். டில்லியில் கரோல்பாக், முனிர்க்கா, ஐ.என்.ஏ. மார்க்கெட் ஆகிய இடங்களில் இவை கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்த முருங்கைக்காயின் விலையில் முருங்கைக்காயின் பங்கு சிறிது. லாரியின் பங்கே பெரிது. நாம் காய்க்குக் கொடுப்பதாக நினைத்து வண்டிச் சத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் சமையலை நம் சமையலாக ஆக்குவது எது என்று சற்று எண்ணிப் பார்த்தால் இச்சிக்கல் அவிழும். கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கும் மணம், புளிப்பும் காரமும் சேரும் அளவு, மிளகு சீரகத்தின் வாசனை, முடிவில் மோர்ச் சோறு: இவையே நம் பக்குவத்தின் உயிர். இவற்றுக்கு வேண்டிய சரக்குகள் எடையில் குறைந்தவை, நாள்பட்டும் கெடாதவை. ஊருக்குப் போய் வருகையில் ஒரு கிலோ புளி, ஒரு கிலோ சாம்பார்ப் பொடி, கால் கிலோ ரசப் பொடி, வெயிலில் காய்ந்த வடகம், வற்றல் ஆகியவற்றைக் கொண்டுவந்தால் சிறு குடும்பத்துக்குப் பல மாதம் ஓடும். எடை மிகுந்தனவும் விரைவில் அழுகுவனவுமான அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய் ஆகியவற்றை இருக்கும் ஊரிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். பக்குவம் நம்முடையதாகவும் சரக்கு அவ்வூருடையதாகவும் இருக்கட்டும். அயலூர்ச் சிக்கனம் முழுவதும் இந்த ஒரு விதிக்குள் அடங்கிவிடுகிறது.

முதலில் காய்கறியைப் பார்ப்போம். டில்லியின் காய்கறிக்கு இரண்டு பருவங்கள் உண்டு. கார்த்திகை முதல் மாசி வரை முள்ளங்கி, சிவப்புக் காரட், காலிபிளவர், பச்சைப் பட்டாணி, டர்னிப், கீரை வகைகள் ஆகியவை வண்டி வண்டியாக வந்து குவியும். கோடையில் சுரை, பீர்க்கு, பாகல், பூசணி, வெண்டை ஆகியவை மலியும். பருவத்தில் மலிந்த காயையே அந்த வாரத்துச் சாம்பாருக்கும் கூட்டுக்கும் பொரியலுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும். கோடையில் காலிபிளவரும் குளிரில் வெண்டைக்காயும் வேண்டுமென்று பிடிவாதம் செய்பவர் இரட்டிப்பு விலை கொடுக்க நேரும். முள்ளங்கியை வாங்கும்போது அதன் இலையைக் கடைக்காரர் கிள்ளி எறியாதபடி கேட்டு வாங்கிக்கொள்க. அவ்விலையைப் பாசிப் பருப்புடன் கூட்டினால் ஒரு வேளைக்குக் கீரைக் கூட்டு ஆயிற்று. காலிபிளவரின் இளந்தண்டும் அவ்வாறே பொரியலுக்கு உதவும்.

டில்லியில் வாரச் சந்தைகள் உண்டு. சோம் பஜார், மங்கள் பஜார், புத் பஜார் என்று அந்தந்தக் கிழமையின் பெயராலேயே வழங்கும் இச்சந்தைகளில், இரவு கடை கட்டும் நேரத்தில் விலை இறங்கும். அன்றும் மறுநாளும் சமைக்க வேண்டிய காயை அப்போது வாங்குவது நலம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, சந்தையில் புதியவர்கள் பெயர் தெரியாமல் படும் இடர் நன்கு தெரியும். தெரிந்த காயைத் தெரியாத பெயரால் கேட்கும்போது அது வேறொரு காய் என்று எண்ணி விலகிப் போகிறோம். லௌக்கி என்றும் கியா என்றும் சொல்வது நம் சுரைக்காய். தோரி என்பது பீர்க்கு இனம். அர்பி என்பது சேப்பங்கிழங்கு. ஜிமிகந்த் என்பது சேனைக்கிழங்கு. மேத்தி வெந்தயக் கீரை. ஸர்ஸோன் கடுகுக் கீரை. பத்துவா என்பது நம் சக்கரவர்த்திக் கீரையே. டில்லிக் காய்கறிக்காரர் சீதாபல் என்று கூவினால் பழம் என்று எண்ணி ஓட வேண்டாம். அங்கே பூசணிக்கு அந்தப் பெயர் வழங்குகிறது. பருப்பு வகையில் அர்ஹர் துவரை, உரத் உளுந்து, மூங் பயறு, லோபியா காராமணி, குல்த்தி கொள்ளு. இந்தப் பதினைந்து இருபது பெயர்களை மனப்பாடம் செய்தவர்க்குப் பாதிச் சந்தை சொந்த ஊர்ச் சந்தையாகிவிடும்.

அடுத்தது பருப்பு. சாம்பாருக்குத் துவரம்பருப்பே வேண்டும் என்பது பழக்கம் விதித்த விதி. பருப்புகளுள் பெரும்பாலும் விலை மிகுந்தது துவரையே. வட நாட்டில் மசூர் எனப்படும் மைசூர்ப் பருப்பு விலையில் குறைந்தது, விரைவில் குழைவது, ஆதலின் எரிபொருளும் மிச்சம். துவரை ஒரு பங்கும் மசூர் இரண்டு பங்கும் கலந்து வைத்த சாம்பாரில் வேற்றுமை காண்பது அரிது. கூட்டுக்குப் பாசிப் பருப்பையும் கடலைப் பருப்பையும் மாற்றி மாற்றிச் சேர்க்கலாம். தேங்காய் அரைத்து விடும் இடத்தில் வறுத்த நிலக்கடலையையோ பொட்டுக்கடலையையோ அரைத்து விட்டால் குழம்பு கெட்டியாகவும் சுவையாகவும் அமையும்.

எதைக் குறைத்தாலும் பருப்பைக் குறைத்தல் ஆகாது. புரதம் பல அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றுள் லைசின் என்பது அரிசியிலும் கோதுமையிலும் குறைவு, பருப்பில் நிறைவு. மெத்தியோனின் என்பது பருப்பில் குறைவு. தானியத்தில் அக்குறை இல்லை. சோறும் பருப்பும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. நம் முன்னோர் அனுபவத்தால் கண்ட சேர்க்கைக்கு இன்றைய ஆராய்ச்சி காரணம் கூறுகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2,000 கலோரி வேண்டுவோருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம் என்று அளவு குறித்திருக்கிறது. உடலுழைப்பு மிகுந்தவர்க்கு இன்னும் கூடுதலாக வேண்டும். நம்மில் பலர் தட்டைப் பார்த்தால் சோறு இவ்வளவுக்கு மேலும், பருப்பும் காயும் இதில் பாதியுமாகவே இருக்கும்.

தானியத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மலிவு உண்டு. டில்லியில் நெடிய பாஸ்மதி அரிசி விலை மிகுந்தது. அதே அரிசி உடைந்த குருணையாக மோக்ரா, டுக்டா என்ற பெயர்களில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வெண்பொங்கலுக்கும் தயிர்ச் சோற்றுக்கும் அது மிக ஏற்றது. உடைத்த கோதுமையாகிய தலியாவில் உப்புமாவும் பொங்கலும் செய்யலாம். கொல்கத்தாவில் இருப்போர்க்கு ஒரு வசதி உண்டு. வங்காள மக்களே புழுங்கலரிசி உண்பவர்கள் ஆதலால், அங்கே அதை நம்மவர் கடையில் தேட வேண்டுவதில்லை. ‘சேத்த சால்’ என்று கேட்டால் தெருமுனைக் கடையில் கிடைக்கும். மகாராஷ்டிரத்தில் சோளமும், குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் கம்பும், கர்நாடகத்தில் கேழ்வரகும் அவ்வூராரின் அன்றாட உணவு. கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் உண்டு வளர்ந்த நமக்கு இவை அந்நியம் ஆகா.

இட்லி தோசை இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். டில்லிக் குளிரில் மாவு புளிக்காது. புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் முப்பது பாகை வெப்பத்தை ஒட்டி நன்கு பெருகுவன. தை மாதத்து இரவில் பத்து பாகைக்கும் கீழே இறங்கும்போது அவை அடங்கிப் போகின்றன. பானையைக் கம்பளியில் சுற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தின் அருகில் வைத்தால் ஓரளவு பயன் தெரியும். அதனினும் எளிது, அந்த இரண்டு மாதங்களுக்கு அடைக்கும் பெசரட்டுக்கும் மாறிவிடுதல். இவற்றின் மாவு புளிக்க வேண்டியதில்லை. கைக்கு அகப்பட்ட பருப்புகளையெல்லாம் அரிசியோடு ஊறவைத்து அரைத்து, வெந்தயக் கீரையைக் கிள்ளிப் போட்டு வார்த்த அடை, இட்லியைவிடச் சத்து மிகுந்தது. பொறுமை இல்லாத நாளில் கோதுமை மாவைக் கரைத்து வார்த்த தோசை கைகொடுக்கும்.

எரிபொருளிலும் மிச்சம் பிடிக்க இடமுண்டு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. கொதித்த பின் தீயை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதன் சூடு ஏறாது, ஆவிதான் வீணாகும். ஆதலால் கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடி போடுக. பிரஷர் குக்கருக்குள் ஆவியின் அழுத்தத்தால் சூடு ஏறத்தாழ 120 பாகை வரை ஏறுவதால் பருப்பு விரைவில் வேகிறது. அதிலும் முதல் விசில் வந்தபின் தீயைச் சிறிதாக்கினால் போதும். ஒரே குக்கரில் அடியில் பருப்பும் மேலடுக்கில் அரிசியும் காயும் வைத்தால் ஒரு தீயில் மூன்று வேலை முடியும். கொண்டைக்கடலை, ராஜ்மா, காராமணி ஆகியவற்றை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டுவோர், நீரில் கரையும் பி வைட்டமின்களையும் உடன் கொட்டுகிறார்கள் என்பதை நினைவில் வைத்தல் நன்று.

அறையைப் பகிர்ந்து வாழும் இளைஞர் மூவர் இதை நடைமுறையில் கொள்வது எவ்வாறு? குளிர் காலத்து நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் காரட்டும் பட்டாணியும் போட்ட தலியா உப்புமா. பகலுக்கு டப்பாவில் மோக்ரா அரிசிச் சோறும் முள்ளங்கிச் சாம்பாரும் கீரைப் பொரியலும். மாலையில் கருப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவில் அடை, அல்லது கோதுமை தோசையும் நிலக்கடலைச் சட்டினியும், பிறகு ஒரு குவளை மோர். மூவருக்கும் சேர்த்துத் தானியம் முக்கால் கிலோ, பருப்பு கால் கிலோ, காய்கறி ஒன்றேகால் கிலோ. ஒருவர் சந்தைக்கும், ஒருவர் சமையலுக்கும், ஒருவர் பாத்திரத்துக்கும் என்று வாரத்துக்கொருமுறை முறை மாற்றிக்கொண்டால் சச்சரவுக்கு இடமில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. உலையில் போடும் அரிசிக்கும் அது பொருந்தும். மூவருக்கான அளவை ஒரு டம்ளரில் குறித்து வைத்துக்கொண்டால் மிஞ்சிக் கொட்டும் சோறு இராது.

குறைந்த வருவாயுள்ள தொழிலாளர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முன்னுரிமைக் குடும்ப அட்டை வைத்திருப்போருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியமும், அந்தியோதயா அட்டைதாரருக்குக் குடும்பத்துக்கு 35 கிலோவும் உரியன. 2024 ஜனவரி முதல் ஐந்தாண்டுகளுக்கு இது விலையின்றி வழங்கப்படும் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’த் திட்டம் 2019இல் தொடங்கி, 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கும், 2022 ஜூனுக்குள் எல்லா மாநிலங்களுக்கும் பரவியது. அதன்படி, இவ்விரு வகை அட்டையில் பெயருள்ளவர் தாம் வேலை செய்யும் ஊரிலுள்ள ரேஷன் கடையிலேயே ஆதாரைக் காட்டி விரல் ரேகை வைத்துத் தம் பங்கைப் பெறலாம். மீதிப் பங்கை ஊரிலுள்ள குடும்பத்தார் அங்கேயே பெற்றுக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசு தன் செலவில் தரும் பருப்பு, சர்க்கரை முதலியன அயல் மாநிலத்தில் கிடையா.

விலைகளை இங்கே குறிப்பிடாமல் விட்டது வேண்டுமென்றேதான். இக்கட்டுரை அச்சேறித் தங்கள் கைக்கு வருவதற்குள் அவை மாறிவிடும். மாறாத விதிகள் சிலவே. பருவத்தில் மலிந்ததை வாங்குக, பெயரைக் கற்றுக்கொள்க, பருப்பைக் குறையாதீர், தீயைத் தணிக்க, அளந்து வைக்க. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தேங்காயும் வாழைக்காயும் தாராளமாக வாங்கிக் கொண்டாடுங்கள். அதற்கு வேண்டிய பணத்தை மற்ற நாட்களின் சிக்கனம் தரும். எஞ்சியது மணியார்டரோ வங்கிக் கணக்கோ எவ்வழியாயினும் ஊர் போய்ச் சேரட்டும். அதை அனுப்பும் கையும் மெலியாமல் இருக்கட்டும்.