வீட்டிலேயே ஒரு கரம் பலகை: கணக்குப் போட்டுச் செய்வோமா?



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால், அஸர் தொழுகைக்குப் பின் உங்கள் மகன் எங்கே போகிறான்? சந்திக் கடையில் கரம் விளையாடப் போகிறான் என்றால் சற்றுக் கவனியுங்கள். "தோற்றவன் சோடா வாங்கித் தரவேண்டும்" என்று தொடங்குவது, நாளடைவில் காசு வைத்து ஆடும் சூதாக முடிவதுண்டு. பிள்ளையை ஏசித் தடுப்பதைவிடப் பலகையை வீட்டுக்குக் கொண்டுவருவது புத்தியல்லவா?

கடை விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஊர் ஓடாவியைக் கொண்டு செய்விக்கலாம். முதலில் பழைய கொப்பியொன்றில் மூன்று நிரல்கள் கீறுங்கள்: வீட்டில் இருப்பவை, நாமே செய்யக்கூடியவை, காசு கொடுத்தே வாங்கவேண்டியவை.

விளையாடும் பரப்பு 74 சென்ரிமீற்றர் சதுரம். சட்டம் 7.5 செ.மீ. அகலமென்றால் முழுப் பலகையும் 89 செ.மீ. சதுரமாகும். எட்டுக்கு நான்கு அடி பிளைவூட் ஒன்றில் இப்படி இரண்டு வெட்டலாம். அடுத்த வீட்டாரையும் சேர்த்துக்கொண்டால் அந்தச் செலவு பாதியாகிவிடும். தடிப்பு 8 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. இதில் மிச்சம் பிடித்தால் பலகை குழிந்து, போட்ட காசெல்லாம் வீண்.

சட்டத்துக்குச் சேதாரத்துடன் 13 அடி மரம் போதும். வீடு கட்டியபோது மிஞ்சிய தேக்கு, பலாத் துண்டுகள் இருந்தால் மரக்காலைக்குப் போகவே தேவையில்லை. ஆனால் மரம் நன்கு காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் முறுகி மூலைகள் பிரிந்துவிடும். சட்டம் பரப்பிலிருந்து 2 செ.மீ. உயர்ந்து நிற்கட்டும். அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்கள் அவசியம். மூலைத் துளைகள் 4.45 செ.மீ. விட்டம். அவற்றுக்கான வலைப் பைகளை நூலால் நீங்களே பின்னிவிடலாம்.

வாங்கவேண்டியவை: கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1 என 19 காய்கள், 15 கிராமுக்கு மேற்படாத ஸ்ட்ரைக்கர், சாண்ட் பேப்பர், வார்னிஷ். ஓடாவியின் கூலியை முழு வேலைக்குமாக முன்கூட்டியே பேசி முடியுங்கள். மொத்தத்தில் பத்திலொரு பங்கை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள்.

இதற்காகக் கடன்படவே வேண்டாம். முதல் மாதம் பிளைவூட், அடுத்த மாதம் கூலியும் வார்னிஷும், மூன்றாம் மாதம் காய்கள் என்று பிரித்தால் வீட்டுச் செலவு தடுமாறாது.

தாய்மாருக்கு ஓர் எச்சரிக்கை. பலகையில் தூவும் பவுடர் பெரும்பாலும் போரிக் அமிலம். விழுங்கினால் நஞ்சு. சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். விளையாடி முடித்தவர்கள் சவர்க்காரமிட்டுக் கை கழுவிய பின்பே சாப்பாட்டைத் தொடட்டும். விளையாடாத நேரத்தில் பலகையை ஈரச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள்.

பலகை வரும் முன்னரே வீட்டுச் சட்டத்தையும் சொல்லிவிடுங்கள். பந்தயம் கூடாது. பாங்கு சொன்னால் ஆட்டம் நிற்க வேண்டும். பாடம் முடிந்த பின்பே பலகை இறங்கும். பெண் பிள்ளைகளுக்கும் ஆட்டத்தில் சம பங்கு உண்டு.

2012இல் கொழும்பில் நடந்த உலகக் கரம் போட்டியில் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ. நம் பிள்ளைகளும் இதில் திறமை காட்டலாம். அதைவிடப் பெரிய இலாபம் ஒன்றுண்டு. இஷாவுக்குப் பின் வாப்பாவும் பிள்ளைகளும் ஒரே பலகையைச் சுற்றி உட்கார்ந்து சிரிப்பதை, இன்ஷா அல்லாஹ், உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள். அந்த இலாபத்தைக் கொப்பியில் எந்த நிரலில் எழுதுவது?