பால் மரத்தை விடியுமுன் வெட்டுவது ஏன்?

மலாக்காவின் புக்கிட் ரம்பாய் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால், இருட்டோடு பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பேர் பதியும் இடத்துக்கு, போன கதையைச் சொல்வார்கள். தலையில் விளக்கு, கையில் உளி. வெயில் ஏறினால் பால் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஏன் குறைகிறது?

ரப்பர் மரத்தின் பட்டைக்குள் நுண்ணிய பால்குழாய்கள் உள்ளன. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். நீர் ஆவியாவது பெரும்பாலும் நின்றுவிடும். வேர் உறிஞ்சும் நீர் குழாய்களுக்குள் புகுந்து அவற்றைப் புடைக்க வைக்கும். விடியுமுன் அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 10 முதல் 15 மடங்கு! கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 மடங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பட்டையில் கோடு விழுந்ததும் அழுத்தம் விடுபட, பால் பீறிட்டு, மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணத்துக்கு இறங்குகிறது. பிறகு வேகம் தணியும். பால் உறைந்து குழாய் வாயை அடைத்ததும் நிற்கும். காயும் அந்த மிச்சமே கோட்டுப்பால்.

வெயிலில் இலைகள் நீரை இழக்க, குழாய்களின் அழுத்தமும் இறங்கிவிடும்.

உளியிலும் அழுத்தக் கணக்குதான். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். கூரிய முனையின் பரப்பு மிகக் குறைவு. மெல்லிய இழுப்பே போதும். மழுங்கிய உளிக்குக் கூடுதல் விசை வேண்டும். கை தவறி உள்ளே இறங்கினால், பட்டையை வளர்க்கும் மெல்லிய அடுக்கு காயப்படும், மரம் முண்டு முண்டாகும். அந்த அடுக்குக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் விட்டு, அரையிருட்டில் வெட்டியவை அந்தப் பெரியவர்களின் கைகள். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்பவர் ரப்பர் நட்டதைப் பாடநூல்கள் சொல்கின்றன. நட்டவரைச் சொல்வதுபோல், மரம் வெட்டியவர்களின் இந்தக் கைத்திறனையும் அறிவியல் பாடத்தில் சேர்க்க வேண்டும்.