முழங்கை ஏன் வலிக்கிறது?

ஆலந்தலைக் கடற்கரையில் வலை இழுக்கும் மீனவரின் கையைப் பாருங்கள். கயிற்றை இறுகப் பற்றும்போது முன்கைத் தசை புடைக்கிறதல்லவா? அத்தசையைத் தசைநாண் என்னும் வடம் முழங்கை எலும்பின் புடைப்போடு பிணைக்கிறது.

கம்பியில் தொங்கி உடற்பயிற்சி செய்யும் உங்களுக்கும் இதே அமைப்புதான். உங்கள் எடை 50 கிலோ என்றால், ஒவ்வொரு கையும் 25 கிலோ சுமக்கிறது. தசை சில வாரங்களில் வலுப்பெறும். இரத்த ஓட்டம் குறைந்த தசைநாணுக்கோ பல மாதங்கள் வேண்டும். அவசரப்பட்டுப் பயிற்சியைக் கூட்டினால், தசைநாண் நலிந்து முழங்கை வலிக்கும்.

வலி வந்தால் பயிற்சியை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. நாற்காலியில் கால் ஊன்றிச் சுமையைக் குறையுங்கள், மெதுவாக இறங்குங்கள். வலி தணிந்தபின் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். முழங்கை வீங்கினாலோ விரல்கள் மரத்துப்போனாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.