பச்சையை அகற்றும் லேசர்: கருவியினும் கை முதன்மையானது

பச்சை குத்திய பெயரையோ உருவத்தையோ அகற்ற விரும்பி எம் தோல் மருத்துவப் பிரிவுக்கு வருவோர் முதலில் கேட்பது, “எத்தனை முறை வரவேண்டும்?” என்பதே. “இதைச் செய்பவர் முறையாகப் பயின்றவரா?” என்று கேட்போர் மிகச் சிலர். இரண்டாவது வினாவே முந்திக் கேட்கத்தக்கது. அதன் காரணத்தை இங்கே விளக்குகிறோம்.

பச்சை குத்தும்போது மைத்துகள்கள் மேல்தோலைக் கடந்து உள்தோலில் தங்குகின்றன. அவை அளவிற் பெரியவையாதலால் உடலின் பாதுகாப்பு அணுக்களால் அவற்றை அப்புறப்படுத்த இயலுவதில்லை. லேசர் ஒளி ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே பாய்ந்து, அத்துகள்களை நொறுக்குகிறது. நொறுங்கிய துகள்களை உடலே சிறிது சிறிதாக வெளியேற்றுகிறது. ஆகவேதான் இரு அமர்வுகளுக்கிடையே குறைந்தது 6 முதல் 8 வார இடைவெளி விடுகிறோம்.

கருநிற மைக்கு 1064 நானோமீட்டர் அலைநீள ஒளியும், சிவப்பு மைக்கு 532 நானோமீட்டர் ஒளியும் பொருந்தும். ஆனால் நம் தோலிலுள்ள மெலனின் நிறமியும் ஒளியை ஈர்க்கும். அலைநீளமோ ஆற்றலோ பிழையானால் கொப்புளம், கருமை, வெண்திட்டு, தழும்பு ஆகியவை நேரலாம். முடி அகற்றும் ஒளிக்கருவியைப் பச்சையின்மேல் பயன்படுத்துவது பெருந்தவறு. அதன் ஒளி நீண்ட நேரம் பாய்வதால் மைத்துகளோடு சுற்றியுள்ள திசுவும் சுடப்படுகிறது.

புருவத்திலும் உதட்டிலும் இடும் நிரந்தர ஒப்பனை மேலும் கவனத்தை வேண்டுவது. பழுப்பு, இளஞ்சிவப்பு, தோல்நிற மைகளில் இரும்பு ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ கலந்திருக்கக்கூடும். லேசர் பட்டவுடன் இவை கருத்துவிடலாம். மென்சிவப்பு உதடு கணப்பொழுதில் கருஞ்சாம்பல் நிறமாவதை எண்ணிப் பாருங்கள். இதனாலேயே முதலில் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒரு சிறு புள்ளியில் சோதித்து, சில வாரம் பொறுத்த பின்னரே தொடர்கிறோம். இமையோரத்தில் செய்யுமிடத்து, விழியின்மேல் உலோகக் கவசம் பொருத்தத் தெரிந்த மருத்துவரே செய்தல் வேண்டும்.

ஆகவே இப்பணிக்கான பயிற்சி, பொத்தானை அழுத்தக் கற்பதோடு முடிவதன்று. தோலின் வகையறிதல், அலைநீளத்துக்கேற்ற பாதுகாப்புக் கண்ணாடியை அறையிலுள்ள அனைவருக்கும் அணிவித்தல், ஒளிபட்ட தோலின் மாற்றங்கண்டு ஆற்றலைக் குறைத்தல் ஆகியன அதில் அடங்கும். அனைத்தினும் மேலாக, எப்போது மறுக்கவேண்டும் என்பதையும் கற்கவேண்டும். பச்சையின்மேல் ஐயத்துக்குரிய மச்சம் இருந்தாலும், தோலில் தொற்று இருந்தாலும், அண்மையில் வெயிலில் கருத்திருந்தாலும் நாங்கள் சிகிச்சையைத் தொடங்குவதில்லை. தழும்பு தடித்து வளரும் இயல்புடையோருக்கும் கருவுற்றோருக்கும் அவ்வாறே. வேலைக்கான உடற்தகுதித் தேர்வு நெருங்குகிறதென்று அவசரப்படுவோரிடமும் இதையே கூறுகிறோம்.

எங்கே சென்றாலும் நான்கு வினாக்களைக் கேளுங்கள்: செய்பவர் யார், எங்கே பயின்றார்? கருவியின் அலைநீளம் என்ன? முன்சோதனை உண்டா? தீங்கு நேர்ந்தால் பார்க்கும் மருத்துவர் யார்? விடை தெளிவாக வராத இடத்தில் தோலை ஒப்படைக்காதீர்கள். பச்சை இன்னும் சில மாதம் இருப்பதால் கேடில்லை. தீய்ந்த தோலின் தழும்போ வாழ்நாள் முழுதும் நிற்கும்.