கோடிக்கரையில் வெளிமானும் சீமைக்கருவேலும்

வேதாரண்யத்திற்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில், வங்கக் கடலும் பாக்கு நீரிணையும் கூடுமிடத்தில் இருப்பது கோடிக்கரை. உப்பளங்களைக் கடந்ததும் பாலை மரங்கள் அடர்ந்த காடு தொடங்குகிறது. 1967-இல் இது வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்டது.

மாரிக்காலத்தில் இங்கு வருவோர் பெரும்பாலும் பூநாரைகளைக் காணவே விரும்புவர். விவசாயிகள் கவனிக்கவேண்டியதோ காட்டை அடுத்த புல்வெளியாம். முறுக்குக் கொம்புடைய கரிய ஆண்மான்களும், பழுப்புநிறப் பெண்மான்களும் அங்கு மேய்கின்றன. வெளிமான் புதரிற் பதுங்கும் பிராணியன்று. பகையைத் தொலைவிலேயே கண்டு ஓடிப் பிழைப்பது. அதற்கு வெட்டவெளி வேண்டும். அவ்வெளியைச் சீமைக்கருவேல் விழுங்கி வருகின்றது.

இதன் நெற்று இனிப்புடையது. உடையவரின்றித் திரியும் மட்டக்குதிரைகளும், மேய்ச்சல் மாடுகளும் அதை விரும்பித் தின்னும். தடித்த உறையுள்ள விதை வயிற்றிற் செரியாது சாணத்தோடு விழுந்து, ஈரங் கண்டதும் முளைக்கிறது. (தொழு எருவை வயலுக்கு ஏற்றும் குடியானவர்களுக்கும் இது பொருந்தும்.) மரத்தைத் தரைமட்டமாக வெட்டினாற் போதாது, அடிக்கட்டை பல கிளைகளாய் மறுபடியும் துளிர்த்துவிடும். வேரோடு அகழ்ந்தெடுத்து, பின்னர் மழைதோறும் தோன்றும் கன்றுகளையும் பிடுங்குதல் அவசியம். ஒரு முறை வெட்டிவிட்டு நின்றுவிடுதல் வீண் செலவேயாகும்.

2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இக்காட்டில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. அவ்விடங்களில் பாலைக்கன்று எழுகிறதா, கருவேற்கன்று எழுகிறதா என்பதை அங்குச் செல்வோர் உற்று நோக்கலாம். மான்களைக் காண அதிகாலையும் மாலையும் ஏற்ற வேளைகள். நாய்களை உடன் கொண்டுசெல்லலாகாது.