குழாயிலிருந்து கப்பலுக்கு: எரிவாயுச் சந்தையின் மாற்றம்

வழங்கல் குறைந்தால் விலை உயரும்; தேவை குறைந்தால் விலை தாழும். பொருளியலின் இத்தொடக்கப் பாடத்தை மாணவர் அறிவர். ஆயினும், ஓரிடத்தில் வழங்கல் குறையும்போது அதன் துன்பம் எவரைச் சென்று சேர்கிறது என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். இயற்கை எரிவாயுவின் அண்மைக்கால வரலாறு அதற்கு விடை தருகின்றது.

எண்ணெயைக் கப்பலில் ஏற்றி எந்நாட்டிற்கும் அனுப்புவது எளிது. ஆகவே அதற்கு உலகளாவிய சந்தை நெடுங்காலமாகவே உண்டு. எரிவாயுவோ பெரும்பாலும் குழாய்வழியே சென்றது. குழாயின் ஒரு முனையில் விற்போரும் மறுமுனையில் வாங்குவோரும் நீண்டகால ஒப்பந்தத்தால் பிணைக்கப்பட்டிருந்தனர். சிங்கப்பூர் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் எரிவாயு பெற்றது இம்முறையிலேயே.

எரிவாயுவைச் சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 162 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்தால் அது திரவமாகும். அதன் கன அளவும் ஏறக்குறைய 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். சரவாக்கின் பிந்துலுவிலிருந்து இத்தகைய திரவ எரிவாயு 1983ஆம் ஆண்டிலேயே ஜப்பானுக்குச் சென்றது. ஜூரோங் தீவில் அதனை இறக்கும் முனையம் 2013இல் செயல்படத் தொடங்கியது. தொடக்கத்தில் கப்பல்களும் ஒப்பந்தப்படியே சென்றன. பின்னர், கூடுதல் விலை தருவோரை நோக்கிக் கப்பலைத் திருப்பும் உடனடிச் சந்தை வளர்ந்தது.

இம்மாற்றத்தின் விளைவை 2022ஆம் ஆண்டு உலகம் கண்டது. அதற்கு முந்திய ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் ஐந்தில் இரண்டு பங்கு ரஷ்யாவிலிருந்து வந்தது. உக்ரேன் போருக்குப் பின் அவ்வரத்து பெரிதும் சுருங்கியது. முந்திய பத்தாண்டில் பெரும்பாலும் 30 யூரோவைத் தாண்டாதிருந்த ஒரு மெகாவாட் மணிநேர எரிவாயுவின் விலை, ஆகஸ்டு மாதத்தில் 300 யூரோவைக் கடந்தது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்காமல் இருத்தல் அரிது. புதிய திரவமாக்கும் ஆலையைக் கட்டவோ பல ஆண்டுகள் ஆகும். தேவையும் வழங்கலும் விரைந்து அசைய இயலாதபோது விலையே அசைகிறது.

அவ்விலையைத் தர ஐரோப்பாவால் இயன்றது; கப்பல்கள் அங்கே திரும்பின. பங்களாதேஷ் அவ்வாண்டு ஜூலையில் உடனடிச் சந்தையில் வாங்குவதை நிறுத்தி, முறைவைத்து மின்சாரத்தைத் துண்டித்தது. குழாய் வற்றியது ஐரோப்பாவில். இருள் சூழ்ந்தது டாக்காவில்.

உயர்ந்த விலை புதிய வழங்கலையும் ஈர்க்கும். 2023இல் அமெரிக்கா உலகின் மிகப்பெரிய திரவ எரிவாயு ஏற்றுமதி நாடாயிற்று. கத்தாரும் தன் உற்பத்தியை விரிவாக்கி வருகிறது. வழங்கல் பெருகும்போது விலை தணியலாம். ஆயினும் அதற்குள் கழியும் ஆண்டுகளின் சுமையை எல்லா நாடுகளும் ஒரே அளவில் சுமப்பதில்லை.

தன் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை எரிவாயுவால் பெறும் சிங்கப்பூருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. நீண்டகால ஒப்பந்தம், சேமிப்பு, சூரிய ஆற்றல், அண்டை நாடுகளிலிருந்து மின்சாரம் என வழிகளைப் பலவாக்குவதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. வகுப்பறையில் வழங்கல், தேவைக் கோடுகளை வரையும்போது, அவை சந்திக்கும் விலையைக் கொடுக்க இயலாதவர் யாவர் என்பதையும் மாணவரோடு சேர்ந்து நாம் எண்ணிப் பார்ப்போமாக.